மாஸ்டர் காவல் இருந்த காலை

“என் உடம்புல இருக்க காவக்காரப் பயலுவ எல்லாம் தூங்குதானுவ, டாக்டரம்மா.”

உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றி இப்படிப் புகார் சொன்னவர் சொரிமுத்து. ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே விறைத்து நிற்கும். கல்லீரலில் குடியேறிய ஹெபடைடிஸ் பி கிருமி மட்டும் பல வருஷமாக அவருக்கு அடங்கவில்லை.

டாக்டர் நஸீமா பானுவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

“மாத்திரை?”

“நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

“அது கிருமியக் கொல்லாது, பெருக விடாம மட்டும் பாத்துக்கும்னு நீங்கதான சொன்னீங்க? பெறவு அத எதுக்குத் தினமும் முழுங்கணும்? என் ஆளுவளத் தட்டி எழுப்புத மாதிரி ஒரு ஊசி போடுங்க. மிச்சத்த அவனுவ பாத்துக்குவானுவ.”

“இப்படியே விட்டா ஈரல் சுருங்கிடும், மாஸ்டர்.”

“அதான் ஊசி கேக்கேன்.”

டாக்டர் எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்தார். தன் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து மேஜைமேல் வைத்தார். மீன் வறுவல்.

“வெளியே உக்காருங்க. நான் மணி அடிச்சா ஓடி வாங்க. இங்கே வேண்டாதது எது இருக்கோ, அதை வெளியேத்துங்க.”

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. பாய்ந்தார். மேஜைமேல் ஒரு பூனை. தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்.

மணி. அதே பூனை, ஒரு கூட்டாளியோடு.

மணி. இப்போது நாலு.

மாஸ்டர் பாய்ந்த பாய்ச்சலில் தண்ணீர் ஜக் உடைந்தது. நாற்காலி சாய்ந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், ஒரு பாவமும் அறியாதவர், காலரைப் பிடித்து இழுக்கப்பட்டு வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

“ஜக்கை உடைச்சது பூனையா, மாஸ்டர்?” என்றார் டாக்டர்.

“நாந்தான்.” மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது.

“இன்னும் வேகமா ஓட ஒரு ஊசி போடட்டுமா?”

மாஸ்டர் வெளியே போனார்.

மணி.

மணி.

மணி.

மதியம் ஆனபோது மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் பெஞ்சில் காலை நீட்டிச் சாய்ந்து, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“மணி கேக்கலையா?”

“கேக்கு.”

“தூங்கிட்டீங்களோன்னு நினைச்சேன்.”

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரு, நானா? முப்பது வருஷம் வெயில்ல நின்ன உடம்பும்மா இது! ஜன்னலத் தொறந்து போட்டுக்கிட்டு மணிய மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா எவன்தான் ஓடுவான்? எத்தன தரம் ஓடுவான்? மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து…”

பாதியில் நின்றார். திறந்த வாய் மூடவில்லை.

உள்ளே மீன் தீர்ந்துபோய், பூனைகள் டப்பாவை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் சட்டையில் ஒட்டியிருந்த பூனை முடியைத் தட்டிவிட்டு எழுந்தார். எதிரே வந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா, மருந்துக்கடை எந்தப் பக்கம்?”