இடக்கையில் கிலுகிலுப்பை

கேளுங்கள். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "எல்லார் பக்கமும் நியாயம்தான்" என்று நழுவுவது இங்கே செல்லாது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், உயர்ந்த பாறை மேடுகளின் மேல் ஹோப்பி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மழைக்கும் சோளத்துக்கும் துணை நிற்கும் தெய்வ ஆவிகள் கட்சினாக்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் கட்சினாக்கள், கோடையில் ஊர் நடுவே முகமூடியோடு ஆடிவிட்டு விடைபெறுவார்கள். போகும் நாளின் விடியலில் சிறுமிகளுக்கு மர உருவங்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்சினாவின் சாயல். திசைகளின் நிறம் பூசியது. மழைக்கான வேண்டுதல் மரமாகி நிற்பது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி "பொம்மை" என்று சீட்டு ஒட்டுகிறவர்களோடு என் சண்டை தனி.

செதுக்குகிறவர்கள் தகப்பன்மார்களும் மாமன்மார்களும்தான். ஆனால் விவரம் சொல்லித்தரும் சடங்கு முடியாத குழந்தைகளின் முன்னால் "இதை நான் செய்தேன்" என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. குழந்தைக்கு அது கட்சினா கொடுத்தது. அவ்வளவுதான்.

டெல்பர்ட்டுக்கும் வெர்னாவுக்கும் ஒரே மகள், சோஸ்மானா. அவளுக்காக டெல்பர்ட் காய்ந்த காட்டன்வுட் மர வேரைத் தேடி எடுத்துவந்து செதுக்கினான். தண்ணீரைத் தேடிப் போகிற வேர். மழை கேட்கும் உருவத்துக்கு அதுதான் பொருத்தம். முகத்துக்கு நீலப்பச்சை பூசினான், தென்மேற்கின் நிறம். கிலுகிலுப்பை வழக்கமாக வலக்கையில் இருக்கும். மகள் இடக்கைக்காரி என்பதால் அவன் அதை இடக்கையில் வைத்தான்.

வெர்னாவின் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன மச்சான், உன் கட்சினாவுக்குக் கை மாறிப்போச்சே. மழையைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய்க் கொட்டிவிடப் போகிறார்."

வழக்கப்படி உருவத்தை ஆட்டத்துக்குப் பொறுப்பானவர்களிடம் டெல்பர்ட் முன்கூட்டியே ஒப்படைத்தான். அதற்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்டத்துக்கு முன்பே சோஸ்மானா போய்விட்டாள். துக்கத்தில் அதைத் திரும்ப வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

விடிந்தது, கட்சினாக்கள் வந்தார்கள். ஒருவர் கையில் ஓர் உருவம் மிஞ்சியது. வாங்கிக்கொள்ளப் பெண் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஐரீனின் மகள் மார்லா வெறுங்கையோடு நின்றாள். தகப்பன் இல்லாத பிள்ளை, அந்த வருடம் அவளுக்கென்று யாரும் செதுக்கவில்லை. கட்சினா அவளிடம் கொடுத்தார். முகமூடிக்குள் யார் என்று நாம் கேட்க வேண்டாம்.

இடக்கைக் கிலுகிலுப்பை வெர்னாவின் கண்ணில் பட்டுவிட்டது. நேராக ஐரீன் வீட்டுக்குப் போனாள். டெல்பர்ட் பின்னாலேயே ஓடினான். மார்லா உருவத்தைத் துணியில் சுற்றித் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அது தன் மகளுடையது என்றும், அவளைப் புதைத்த இடத்தில் வைக்க வேண்டும் என்றும் வெர்னா கேட்டாள். இறந்தவர்கள் மேகமாகித் திரும்பி வருவார்கள் என்பார்கள் அங்கே.

"எல்லாரும் மழையோடு வருவார்கள். என் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு வரணுமா?"

ஐரீனுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. மார்லாதான் பேசினாள்.

"கட்சினா எனக்குக் கொடுத்தார், அத்தை. சோஸ்மானாவுடையது என்றால் எனக்கு எப்படிக் கொடுப்பார்?"

வெர்னா கணவனிடம் திரும்பினாள். "நீயே சொல். இதைச் செதுக்கினது யார்?"

டெல்பர்ட் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது. நான் இதைப் பார்த்ததே இல்லை."

திரும்பும் வழியில் வெர்னா நின்றாள். "இங்கே குழந்தை யாரும் இல்லை. இப்போது என்னிடம் சொல்."

அவன் தரையைப் பார்த்தபடி நடந்தான்.

மறுநாள் காலை அவனுடைய பூட்ஸும் போர்வையும் கத்திகளும் வாசலுக்கு வெளியே இருந்தன. அங்கே வீடு மனைவியுடையது. கணவனின் சாமான்களை அவள் வெளியே வைத்தால் உறவு முடிந்தது என்று பொருள். அவன் எடுத்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது சொல்லுங்கள். வாய் திறக்காத ஐரீனா, பொய் சொன்ன டெல்பர்ட்டா, அவனை வெளியேற்றிய வெர்னாவா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஐரீனை விட்டுவிடுங்கள், கொடு என்றால் மகளுக்குத் துரோகம், கொடுக்காதே என்றால் செத்த பிள்ளைக்கு. மார்லாவின் முன்னால் டெல்பர்ட் செய்தது சரி. அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு குழந்தையின் கட்சினா அங்கேயே வெறும் கட்டையாகியிருப்பார். ஆனால் வழியில் வெர்னாதான் சரி, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தைகளுக்காக வைத்த வாய்ப்பூட்டை அவன் குழந்தையைப் பறிகொடுத்தவளிடமும் போட்டான். அந்த வழியில் அவள் உருவத்தைக் கேட்கவில்லை. "அவளுக்காகத்தான் செதுக்கினேன்" என்று மகளின் பேரைச் சொல்லி அவன் ஒரு முறை அழ வேண்டும் என்றுதான் கேட்டாள்.