தைக்காத உறை, வாங்காத உறை

முன்னொரு காலத்தில், ஆசனமெல்லாம் கல்லாகவும் தலையணை மட்டும் மெத்தென்றும் இருந்த காலத்தில், ஒரு மகாராஜா இருந்தார். அவருடைய கொலுமண்டபத்தில் நூறு தலையணைகள். நூற்றுக்கும் சித்திரத் தையல் போட்ட புது உறை வேண்டும் என்று ஒருநாள் காலையில் அவருக்கு ஆசை பிறந்துவிட்டது.

"கடைத்தெருவில் வாங்கிவிடலாம் பிரபு. உறை ஒன்றுக்குப் பத்தே வராகன்!" என்றார் பண்டகசாலை அதிகாரி தாண்டவராயர்.

"பத்து வராகனா! பட்டும் நூலும் இரண்டு வராகனுக்குள் அடங்கிவிடுமே. நானே தைக்கிறேன்" என்றார் மகாராணி.

"தைக்கலாம் தேவி. சரிகைக்கு? கண்ணாடிச் சில்லுக்கு? விரல் வலித்தால் தடவுகிற தைலத்துக்கு?"

அவ்வளவுதான்! தைப்பது சல்லிசா, வாங்குவது சல்லிசா என்று அரண்மனையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சேனாதிபதி வாளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நூல்கண்டில் எத்தனை முழம் என்று அளந்துகொண்டிருந்தார். பட்டத்து யானை தையல் கட்சியில் சேர்ந்து, வாங்கும் கட்சிப் பாகனை முதுகில் ஏற்ற மறுத்துவிட்டது. கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மகாராஜா தலையைப் பிடித்துக்கொண்டு, அவை விகடர் மயிலேறியைப் பார்த்தார். "மயிலேறி, நீயே தீர்ப்புச் சொல்!"

மயிலேறி வாயைத் திறப்பதற்குள் தாண்டவராயர் குறுக்கே பாய்ந்தார். மயிலேறியைப் பார்த்து அவை சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். அந்த விகடர் ஆசனத்தில் தம் மைத்துனனை உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"பிரபு, இரண்டில் ஒன்றைச் சொல்ல யாராலும் முடியும். இவர்தான் மகா புத்திசாலியாயிற்றே! இரண்டையும்விடச் சல்லிசாக, தைக்காத, வாங்காத உறை ஒன்றை நாளைக்குள் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்துவிட்டு நாட்டைவிட்டே போகட்டும்!"

மகாராஜாவுக்கு இது பிரமாதமாகப் பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்! திருடவும் கூடாது, தெரிந்ததா?"

மறுநாள் அவையில் எள் போட இடமில்லை. தாண்டவராயரின் மைத்துனன் புது வேட்டி சரசரக்க, விகடர் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றான். மயிலேறி ஒரு சின்னக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்தார்.

"எங்கே உறை?"

"இதோ, மகாராஜா."

கிண்ணத்தில் இரண்டு கரண்டி மோர்!

"அடடா, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது! ஐயா, இதற்குப் பெயர் மோர்!" என்று தாண்டவராயர் கைகொட்டினார்.

மயிலேறி மகாராணி பக்கம் திரும்பினார். "தாயே, காய்ச்சின பால் தயிராவதற்கு இதை ஊற்றுவார்களே, அதற்கு என்ன பெயர்?"

"உறை…" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"உறை கொண்டுவா என்றுதான் கட்டளை. தலையணைக்கா, பாலுக்கா என்று யாரும் சொல்லவில்லை. இதைத் தைக்கவில்லை, வாங்கவில்லை, திருடவில்லை. அடுத்த வீட்டுச் செங்கமலத்தம்மாள், 'ஏ தம்பி, உங்க வீட்டுல தயிரு தோயலையாமே, இந்தா உறைக்கு மோரு'ன்னு வேலிக்கு மேலே நீட்டினாள்."

தாண்டவராயர் துள்ளிக் குதித்தார். "அகப்பட்டீரா! அவள் நீட்டினாள், நீர் வாங்கினீர். வாங்கக் கூடாது என்பது கட்டளை! ஓய், கிளம்பும்!"

மகாராஜாவின் முகம் வாடியது. மைத்துனன் ஆசனத்தில் பாதி உட்கார்ந்தேவிட்டான்.

மயிலேறி பணிவாகக் கைகட்டினார். "ஐயா சொன்னால் சரிதான். கை நீட்டிப் பெற்றாலே அது வாங்கினதுதான். அப்படிப் பார்த்தால், உறை வியாபாரியிடம் முந்தாநாள் ஐயா வாங்கின அந்தக் கெம்பு மோதிரமும்…"

"யார் வாங்கினது? நான் வாங்கவே இல்லை! அவனாகக் கொடுத்தான்!"

அவையே எழுந்து அவர் விரலை எட்டிப் பார்த்தது.

"கேட்டீர்களா மகாராஜா! அவனாகக் கொடுத்தால் வாங்கினதாகாதாம். செங்கமலத்தம்மாளும் அவளாகத்தான் கொடுத்தாள். ஐயா வாயாலேயே நான் பிழைத்தேன்!"

தாண்டவராயர் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மைத்துனன் ஆசனம் சுட்டதுபோல் எழுந்துகொண்டான்.

"இரண்டு வராகன் உறை பத்து வராகனுக்கு ஏறின வழி இதுதானா!" என்று மகாராஜா சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! கிரீடம் கழன்று மூன்று படி உருண்டது. கோபுரத்துப் புறா எல்லாம் அடுத்த நாட்டுக்குப் பறந்துவிட்டன. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "இந்தா, வாங்கிக்கொள்!"

மயிலேறி கையை நீட்டவில்லை, கழுத்தை நீட்டினார். "வாங்கக் கூடாதே பிரபு. தாங்களாகப் போட்டுவிடுங்கள்!"

"அதெல்லாம் இருக்கட்டும், எது சல்லிசு?" என்று மகாராணி விடவில்லை.

"தாயே, அந்த மோதிரத்தை விற்றால் நூறு உறைக்கும் பட்டும் நூலும் வந்துவிடும். தாண்டவராயர் தைக்கட்டும், மைத்துனர் ஊசியில் நூல் கோக்கட்டும். இதைவிடச் சல்லிசு பூலோகத்திலேயே கிடையாது!"

அப்படியே உத்தரவாயிற்று. ஒன்பது நாள் குத்துப்பட்டு, தாண்டவராயர் முதல் உறையில் ஒரு பச்சைக்கிளியைத் தைத்து முடித்தார். மகாராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லி வெகு அழகு!" என்றாராம்.