சுண்ணாம்புக் கோடு

வெகு காலத்துக்கு முன்னே, மலைக்கும் கடலுக்கும் நடுவே மருதநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா அக்கம்பக்கத்து நாடுகளோடெல்லாம் சண்டைக்குப் போனான். ஜனங்களும் கைதட்டினார்கள்; அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். கடைசியில் தோற்றுச் செத்தான்.

ஜெயித்தவர்கள் இரண்டு மந்திரவாதிகள். சிவப்புத் தலைப்பாகைக்காரன், "எல்லாம் எல்லோருக்கும்!" என்றான். நீலத் தலைப்பாகைக்காரன், "அவரவர் இஷ்டம் அவரவர்க்கு!" என்றான். களஞ்சியச் சாவிகள் மட்டும் அவர்கள் இடுப்பில் தொங்கின. ஒருவனை ஒருவன் நம்பாமல், நாட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தார்கள்.

"தாண்டினால் கல்!" என்றான் ஒருவன்.

"தாண்டினால் கல்!" என்றான் மற்றவன்.

அதில் மட்டும் இருவருக்கும் ஒரே கொள்கை.

கோடு நெசவாளர் தெருவின் நடுவே ஓடியது. அந்த நேரம் பூவாயியின் கைக்குழந்தை எதிர்வீட்டில், அக்காள் பொன்னாத்தாள் மடியில் இருந்தது. தாய் இந்தப் பக்கம், பால்குடிப் பிள்ளை அந்தப் பக்கம்.

தினமும் விடிந்ததும் தெருப் பெண்கள் அந்தக் கோட்டின் மேல் சுண்ணாம்புப் பொடி இட வேண்டும் என்பது கட்டளை. கோலமிட்டுப் பழகிய கைகள் அல்லவா? நூல் பிடித்தாற்போல இட்டார்கள். "எங்க வாசல்ல எவ்வளவு நேர், பாத்தியா!" என்று பெருமை வேறு.

முதல் நாள் ஒரு மாப்பிள்ளை தாண்டினான், கல்லானான். இரண்டாம் நாள் ஓலை கொண்டுபோனவன் தாண்டினான், கல்லானான். மூன்றாம் நாள் குழந்தையின் அழுகை முனகலாகத் தேய்ந்தது.

"பூவாயி, ஆட்டுப்பாலும் இறங்கல. உடம்பு கொதிக்குது. புள்ள இன்னிக்குப் பொழுதைத் தாண்டாதுடி!" என்று அக்காள் கதறினாள்.

பொடி இட்டுக்கொண்டிருந்த பூவாயி சட்டென்று நிமிர்ந்தாள். கோட்டில் விரலளவு இடைவெளி விழுந்தது. அதன் வழியே ஒரு கோழிக்குஞ்சு அந்தப் பக்கம் போனது. கல்லாகவில்லை! அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கை பழக்கத்தில் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது.

தன் கையையே வெறித்துப் பார்த்தாள். "அடிப்பாவி, நீதானா?"

கிண்ணத்தை வீசினாள். விளக்குமாற்றை எடுத்தாள். கோட்டைப் பெருக்கினாள்.

இரண்டு மந்திரவாதிகளும் ஓடிவந்தார்கள். "கல்லாக்கிவிடுவேன்!" என்று சிவப்புக்காரன் மந்திரக்கோலை ஓங்கினான்.

"ஆக்கு. நாளைக்கு யார் கோடு போடுவா? நீ குனிவியா?"

எதிர்ப்பக்கம் பொன்னாத்தாளும் விளக்குமாறு எடுத்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெரு முழுக்க. தெருவையே கல்லாக்கினால் பொடி இட ஆளேது? கோல் தாழ்ந்தது. மந்திரவாதிகளே கிண்ணத்தைப் பிடுங்கி இட்டுப் பார்த்தார்கள். வேர்த்த விரல்களில் பொடி ஒட்டிக்கொண்டது, கோடு விழவில்லை.

பூவாயி வலது காலை எடுத்து வைத்தாள்.

கால் காலாகவே இருந்தது.

குழந்தை அவள் மார்பைப் பற்றியது. கல்லாய் நின்ற மாப்பிள்ளை கண்ணைத் தேய்த்து, "முகூர்த்தம் முடிஞ்சிடுச்சா?" என்றான். மந்திரவாதிகள் ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டே ஓடினார்கள்; சாவிகள் தெருவில் கிடந்தன.

அந்தப் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததுபோல் உங்கள் பிள்ளைகளுக்கும் நிறையட்டும். அந்தத் தெருவில் இன்றும் வளைத்து வளைத்துத்தான் கோலம் போடுகிறார்கள். நேர்க்கோடு போடச் சொல்லி யாராவது வந்தால், முதலில் விளக்குமாற்றைத் தேடுகிறார்கள்.