பேச வராத நூலாசிரியர்

பொறியாளர் குலசேகரனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் அதிகாரத் தோரணை குறையவில்லை. ஊர்க் கிணறுகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை, பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லியிடம் வந்தது.

"புத்தகக் கண்காட்சி முடியறதுக்குள்ள எல்லாப் பிரதியும் விக்கணும். இல்லேன்னா உங்க முதலாளிகிட்ட சொல்லி உன் வேலையைப் பறிச்சிடுவேன்" என்றார் அவர்.

"நீங்க வந்து வாசகர்கள்கிட்ட பேசினா வித்துடலாங்க ஐயா."

"எழுதுறது என் வேலை. கூவி விக்கிறது உன் வேலை."

வேலையை இழக்க அவளுக்கு மனமில்லை. குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"சரிங்க ஐயா. நீங்க வராட்டா அருணகிரி சாரைப் பேசச் சொல்லட்டுங்களா? அவருக்கும் கிணறு பத்தித் தெரியுமாமே."

குலசேகரன் முகம் கறுத்தது. அருணகிரியும் அவரும் முப்பது வருஷப் பகையாளிகள்.

கண்காட்சியில் வாசகர் கூட்டம் நடந்த அன்று அவர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். "எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி ஏன் உப்பாயிருச்சு?" என்று ஒரு விவசாயி கேட்டதும் மளமளவென்று பேச ஆரம்பித்தார். கேட்டவர்கள் கலையவில்லை. விளக்கணைக்கும் முன்பே பிரதிகள் தீர்ந்துவிட்டன.

"அருணகிரி எங்கே?" என்று தேடினார்.

"நீங்க வராட்டாத்தான் கூப்பிடுறதாச் சொன்னேன். நீங்கதான் வந்துட்டீங்களே."

குலசேகரன் அவளைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அடுத்து எந்த ஊருக்குப் போறோம்மா?"