ஐம்பதாவது முயலும் இருபத்தொன்பது கட்டு முள்ளும்

ஒரு காட்டு ஓடைக்கரையில் ஐம்பது முயல்கள் இருந்தன. ஒருநாள் மத்தியானம், எதிர் மேட்டில் நரி ஒன்று வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. அந்தப் பல்லைப் பார்த்ததும் ஐம்பதும் கூடிப் பேசின. பொழுது சாய்வதற்குள் வேலி போட வேண்டும்!

ஒரு முயல் படுக்க நீளம் ஒரு தாவல், அகலம் ஒரு தாவல் போதும். ஆக, ஐம்பது சதுரத் தாவல் இடம். இலந்தை முள்ளோ இருபத்தொன்பது கட்டுதான் தேறியது. ஒரு கட்டு ஒரு தாவல் தூரத்தை அடைக்கும். முள் வீணாகாமல் இருக்க, நாலு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். பக்கம் எத்தனை தாவல்?

முள்ளம்பன்றிப் பண்டிதரைக் கூட்டி வந்தார்கள். அவர் வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார்.

"ஏழேழு நாற்பத்தொன்பது. எட்டெட்டு அறுபத்து நாலு. ஐம்பதுக்குச் சரியான விடை வராது! பக்கத்துக்கு ஏழு தாவல் வைத்து, நாற்பத்தொன்பது பேர் உள்ளே போங்கள்."

"மிச்சம் ஒருத்தர்?"

எல்லாத் தலையும் வெடுக்கி என்ற முயலின் பக்கம் திரும்பியது. அவளுக்கு வாய் ஜாஸ்தி. அதனால் யாருக்கும் அவளைப் பிடிக்காது.

"நல்லா இருக்கே நியாயம்!" என்று எகிறினாள் வெடுக்கி. "உங்களுக்கு முதுகு முழுக்க முள்ளு. நீங்க ஏன் பண்டிதரே கவலைப்படப் போறீங்க? ஏழு பத்தலை, எட்டு ஜாஸ்தி. அப்போ நடுவுல ஏதோ ஒண்ணு. ஏழரை!"

"குத்துமதிப்பா? சீச்சீ!" என்றார் பண்டிதர்.

வெடுக்கி மண்ணில் கிறுக்கிப் பெருக்கினாள். ஏழரைக்கு ஏழரை, ஐம்பத்தாறேகால். இடம் தாராளம். ஆனால் முப்பது கட்டு முள் வேண்டும். ஒரு கட்டு குறைந்தது.

"ஏழரையைக் கூப்பிட்டா விளங்குமாடி?" என்று முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"சிரிங்க! ஏழரை பெரிசுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? கொஞ்சம் இறக்குவோம். ஏழேகால்!"

மறுபடி பெருக்கினாள். ஐம்பத்திரண்டரைக்கும் ஒரு துளி மேலே. முள்? கச்சிதமாக இருபத்தொன்பது கட்டு!

"ஆனாலும் சரியான விடை இன்னும் கொஞ்சம் சின்னது..." என்று இழுத்தார் பண்டிதர்.

"தெரியும் பண்டிதரே! நரி வந்து நோட்டையா திருத்தப் போகுது? கொஞ்சம் நெளிஞ்சு படுத்தா எல்லாரும் அடங்கிடுவோம், நாம என்ன செங்கல்லா? எழுந்து முள்ளைத் தூக்குங்க!"

பொழுது சாய நரி வந்தது. வேலியை மூன்று தரம் சுற்றியது. நுழைய ஒரு சந்து இல்லை. மூக்கில் முள் ஏறியதுதான் மிச்சம். உள்ளே ஐம்பது முயல்களும் மூச்சுவிடாமல் கிடந்தன. நரி ஓடையைத் தாண்டிப் போன பிறகுதான், வெடுக்கிக்குப் பக்கத்தில் படுத்திருந்த கிழ முயல் தன் காலை மடக்கி அவளுக்கு இடம் விட்டது.

தப்பாக ஊகித்தாலும் சரிபார்த்துத் திருத்துகிறவர் விடையை நெருங்கிவிடுவார். தப்பே வந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்.