கால்வாய்த் தண்ணீரில் டீ

"பாதிச் சூட்டைக் கடல்ல கொண்டுபோய்க் கொட்டுறாங்க, மேடம். கேட்க நாதியே இல்லையா?"

வந்ததும் வராததுமாக இருதயராஜ் பொரிந்து தள்ளினார்.

கடலோர அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கேட்டுக்கொண்டிருந்த மரகதவல்லி அங்கே பயிற்சி வகுப்பு எடுப்பவர், வயதில் இளையவர். ஆனாலும் வெப்பக் கணக்கில் சந்தேகம் வந்தால் அவர் முன்னால் மாணவனாகப் போய் உட்கார இருதயராஜ் கூச்சப்பட்டதில்லை.

இன்றைய ஆத்திரமெல்லாம் கண்டென்சர் பிரிவு சாகுல் மேல். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிரவைப்பது சாகுலின் வேலை. எரித்த நிலக்கரியின் சூட்டில் பாதி அந்த நீரோடு போய்விடுகிறது. நிலையத்தின் திறன் படுத்துக்கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று மதியக் கூட்டத்தில் அடித்துச் சொல்லப்போகிறார். சொன்னால் சாகுலின் பதவி போய்விடும்.

போகட்டுமே. யார் வீட்டு நிலக்கரி?

மரகதவல்லி எழுந்தார். ஒரு டம்ளரில் டீத்தூளைப் போட்டுக்கொண்டு, அந்த நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் கால்வாய்க் கரைக்கு அவரை அழைத்துப்போனார். ஓடுகிற தண்ணீரை மொண்டு அவர் கையில் கொடுத்தார். குடிக்க வேண்டாம், சாயம் இறங்கினால் போதும் என்றார்.

"விளையாடுறீங்களா, மேடம்?"

"கால்வாய் நிறையச் சூடு போகுதுன்னு நீங்கதான சொன்னீங்க, சார்."

இருதயராஜ் கடுகடுவென்று நின்றார். டம்ளர் வெதுவெதுவென்று இருந்தது. தூள் மேலேயே மிதந்தது.

"இது ஒண்ணுத்துக்கும் உதவாத சூடு."

"சாகுல் கைக்கு வர்றதே அதுதான். அப்ப, உதவுற சூடு எங்க போச்சு?"

அதைக் கேட்கத்தானே வந்தேன் என்று அவர் சீறினார்.

"உங்க பாய்லர்ல தீ எவ்வளவு சூடு?"

"ஆயிரத்தி ஐந்நூறு டிகிரி." கோபத்திலும் குரலில் ஒரு பெருமை.

"வெளிய வர்ற நீராவி?"

"ஐந்நூத்தி நாப்பது. அதைக் குறை சொல்லிடாதீங்க. நூத்துக்குத் தொண்ணூறு பங்கு சூட்டைச் சிந்தாம நீராவிக்குள்ள ஏத்துறோம். வேற எந்தப் பிரிவு இப்படிச் செய்யுது?"

"அளவுல சிந்தல, ஒத்துக்கறேன். ஆனா டிகிரி எறங்க எறங்க, அதே சூடு இந்தத் தண்ணி மாதிரி உதவாமப் போகுமே. ஆயிரத்தி ஐந்நூறா இருந்தது ஐந்நூத்தி நாப்பதா எறங்கிப்போச்சே. அது யாரோட பிரிவுல, சார்?"

இருதயராஜ் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். கோபம் போக இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"என் பிரிவுல," என்றார்.