அரசர் முதுகும் அமைச்சர் முதுகும்

முன்னொரு காலத்தில், குளிக்கிற வெந்நீர் பதமாக வரவில்லை என்று தினம் ஓர் ஆளை வேலையை விட்டுத் துரத்திய ராஜா ஒருவர் இருந்தார். பெயர் உக்கிரசேனர். நீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும்; இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வெந்நீர்க்கூடம் அரண்மனையின் ஒரு கோடியில், குளியலறை மறு கோடியில். அப்படிக் கட்டிய புண்ணியவான் யாரோ! கூடத்துத் தொட்டியில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து, நீண்ட கல்வாய்க்கால் வழியாக ராஜாவின் முதுகுக்கு வந்து சேரும். ராஜா "சூடு!" என்று கத்துவார். பணியாள் காவலனிடம் சொல்வான், காவலன் தலைமை அமைச்சர் பிரமாதராயரிடம் சொல்வான், அவர் உத்தரவு கொடுத்த பிறகுதான் தண்ணீர் மதகு திறக்கும். அதற்குள் ராஜா மேலும் இரண்டு தடவை கத்தியிருப்பார். மதகும் மேலும் இரண்டு தடவை திறக்கும். கடைசியில் பனிக்கட்டியாக வந்து இறங்கும். "குளிர்!" என்பார். மறுபடி கொதிநீர். இப்படி வெந்தும் விறைத்தும் சபைக்கு வந்து உட்காருவார்.

பிரமாதராயருக்கு அரசவை விகடகவி வேம்பனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் எழுந்து, "வேந்தே, தங்கள் மேனியே என் மேனி. தங்களுக்குச் சுட்டால் எனக்குக் கொப்புளிக்கிறது. வாய் கிழியப் பேசும் இந்த வேம்பன் நாளை நீராட்டுப் பொறுப்பை ஏற்கட்டும்" என்றார்.

"நல்லது. நாளை சூடென்றோ குளிரென்றோ நான் ஒரு சொல் சொல்ல நேர்ந்தால், வேம்பா, நீ குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு" என்றார் ராஜா.

வேம்பன் வீட்டை நினைத்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். அவளை எந்தக் காட்டில் கொண்டுபோய் வைப்பது? ஆனாலும் கவலையை முகத்தில் காட்டாமல் வணங்கினான்.

"ஒரே ஒரு கருவி வேண்டும், அரசே. அமைச்சர் பெருமான்."

"எடுத்துக்கொள்" என்றார் ராஜா, அமைச்சர் வாயைத் திறப்பதற்குள்.

மறுநாள் காலை பிரமாதராயர் கோவணத்தோடு கலவைத் தொட்டியருகில் உட்கார்ந்திருந்தார். தொட்டியை விட்டு ராஜாவிடம் புறப்படும் நீரில் ஒரு கிளை அவர் முதுகில் விழுந்தது. மதகுக்காரர் மாடக்கண்ணுவிடம் வேம்பன் விளக்கினான்.

"அண்ணே, ராஜா என்ன சொல்றார்னு காத்திருக்காதீங்க. அமைச்சர் ஐயா முனகினா தண்ணி மதகை ஒரு விரல் தெறங்க. அலறினா நாலு விரல். சத்தம் நின்னா கையை எடுத்துடுங்க."

"நடுங்கினாருன்னா?"

"அதே கணக்குல மூடிடுங்க."

அமைச்சர் அலறினார். பிறகு முனகினார். லேசாக நடுங்கினார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அப்புறம்தான் ராஜாவுக்கு நீர் விட்டார்கள்.

ராஜா கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. திறந்த வாய் வீணாக வேண்டாமென்று ஒரு பாட்டை முணுமுணுத்தார். அடுப்பு எரிய எரிய வெந்நீர்க்கூடத்தில் இடையிடையே முனகல் கேட்டது. உடனே மதகு திறந்ததால் அந்தச் சூடு வாய்க்காலில் பாதி தூரம்கூடப் போகவில்லை.

குளித்துவிட்டு ராஜா நேரே கூடத்துக்கு வந்தார். முதுகு சிவந்து உட்கார்ந்திருந்த அமைச்சரைப் பார்த்தார்.

"இது என்ன, வேம்பா?"

"தங்கள் மேனிதான், அரசே. அவரே சபையில் சொன்னாரல்லவா? இரவலாகத் தொட்டியருகில் வைத்துக்கொண்டேன். இங்கே சுடுவது இங்கேயே தெரிந்துவிடுகிறது."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தோள்வளையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். துரத்திய வெந்நீர்க்காரர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

"வேந்தே, அடியேன் போகலாமா?" என்றார் பிரமாதராயர், பல் கிட்டியபடி.

"போய் ஓய்வெடுங்கள்" என்றார் ராஜா. "நாளைக் காலை சீக்கிரம் வந்துவிடுங்கள். என் மேனியை வேறு யாரை நம்பி ஒப்படைப்பேன்?"